கணக்கை முடித்துவிட்டு நேர்முகத்துக்குப் போங்கள்

அத்தியாயம் 9: வேலை இடைவெளியும் முடிக்காமல் விட்ட வேலையும்

மருதனார்மடம் சந்தியில், காங்கேசன்துறை வீதியோரமாக ஒரு போட்டோக் கொப்பிக் கடை. பின்னேரம் ஐந்து மணி. சந்தையில் மரக்கறி வாங்கியவர்கள் பைகளோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கடைக்குள்ளே ஒரு பிள்ளை கணினியில் ரைப் பண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, பழைய சுயவிபரக் கோவையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி இருந்தார்.

"அக்கா, அந்தக் கம்பனி 2021 ஓகஸ்டோடை முடியுதெல்லே. அதை 2023 எண்டு மாத்தி விடுங்கோ."

"அப்ப 2023 மட்டும் அங்கை வேலை செய்தனீங்களோ?"

"இல்லை. ஆனா வெறுமையா விட்டா ஏனெண்டு கேப்பினமெல்லே."

ரைப் பண்ணிய பிள்ளையின் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றது. நானும் என்னுடைய பிரதிகளுக்காகக் காத்து நின்றேன். அவர் கேட்டதில் கள்ளம் இல்லை, பயம்தான் இருந்தது. இந்த அத்தியாயம் முழுவதையும் அந்தத் தம்பியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: இடைவெளியை விளக்க இரண்டு மூன்று வசனங்கள் போதும். ஆனால் அவற்றைச் சொல்லும் தைரியம் வரவேண்டுமென்றால், பழைய இடத்தில் முடிக்காமல் விட்டதை முதலில் முடித்திருக்க வேண்டும்.

இடைவெளி இந்த மண்ணுக்குப் புதிதல்ல

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. கடை, கந்தோர், பள்ளிக்கூடம், தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் சனம் போனது. திரும்பி வந்தவர்கள் 1996இல் வந்தார்கள். பலர் வரவே இல்லை. அந்தத் தலைமுறையின் வேலைப் பதிவுகளில் அந்த மாதங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. "இடம்பெயர்ந்தோம்" என்ற ஒரு சொல் அதற்குப் போதுமாக இருந்தது.

2020 டிசெம்பரில் கொரோனாக் கொத்தணி ஒன்று மருதனார்மடம் சந்தையின் பெயராலேயே அறியப்பட்டது. உடுவில் பிரதேச செயலர் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டது. சந்தையை நம்பிய வியாபாரி, நாட்டாமை, ஓட்டோ ஓடுபவர், கடைப் பணியாளர் எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. 2021 ஓகஸ்ட் 20 இரவு நாடு மறுபடி முடக்கப்பட்டு ஒக்டோபர் 1 அன்றுதான் திறந்தது. நான் சொன்ன தம்பி வேலைக்குப் போன கடைசி நாளும் அந்த ஓகஸ்ட் 20தான். முடக்கம் நீங்கியபோது அவர் திரும்பிப் போகவில்லை. கடிதமும் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோல் வரிசை, கடவுச்சீட்டு வரிசை, முகவருக்குக் கட்டிய காசு. 2022 நவம்பரில் 303 இலங்கையருடன் கடலில் தத்தளித்த கப்பலில் இருந்தவர்கள் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்ட செய்தி வந்தபோது, அதில் தங்கள் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று தேடிய வீடுகள் வடக்கில் எத்தனையோ.

ஆகவே யாழ்ப்பாணத்தில் ஆட்களை எடுக்கும் முகாமையாளருக்கு இடைவெளி அதிர்ச்சி தராது. அவருடைய வீட்டிலும் ஒன்று இருக்கும். அவர் பார்ப்பது அந்த இடைவெளியைப் பற்றி நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் மூன்று கவலைகள்

"ஏன் தம்பி, இந்த ரெண்டு வருசம் என்ன செய்தனீர்?" என்று கேட்பவரின் மனத்தில் பெரும்பாலும் மூன்று கவலைகள்தான் இருக்கும்.

ஒன்று: இங்கேயும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவாரோ?

இரண்டு: பழைய இடத்தில் காசுப் பிரச்சினை, சண்டை, ஒழுக்கப் பிரச்சினை ஏதும் இருந்ததோ?

மூன்று: இவர் சொல்வதை நம்பலாமா?

முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும். மூன்றாவதில் ஒருமுறை பிழைத்துவிட்டால் மற்றப் பதில்களும் எடுபடாது. திகதியை மாற்றி எழுதுவது நேராக அந்த மூன்றாவது கவலையில்தான் போய் முட்டும்.

அது வெளிவராது என்று எண்ண வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியிடமிருந்து இன்னொரு 3 வீதமும் மாதாமாதம் போகின்றன. எந்த மாதத்தோடு பணம் நின்றதென்பது பதிவில் இருக்கும். 2020இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். சேமலாப நிதிக் கணக்கு இருந்ததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள், தாங்கள் அந்த வேலையை எப்போதோ விட்டுவிட்டதாக மேன்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. எப்போது விட்டோம் என்பதற்குக் கையில் ஒரு கடிதம் வைத்திருந்தவருக்கு அந்த அலைச்சல் இலேசாக இருந்திருக்கும்.

பதிவை விடுங்கள். சுன்னாகத்திலிருந்து கொக்குவில் வரைக்கும் ஒரே வீதி. புதிய முகாமையாளரும் பழைய முகாமையாளரும் ஒரே கோயில் திருவிழாவில் நிற்பவர்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் விசயம் முடிந்துவிடும்.

முதற்படி: முடியாத விலகலை முடிப்பது

நானும் ஒருமுறை வேலை ஒன்றைக் கடிதம் கொடுக்காமல் விட்டவன். மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும் பேசிய பேச்சைத் தாங்காமல் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தவன் திரும்பிப் போகவில்லை. அந்த அலுவலகத்தின் அலுமாரித் திறப்பு ஒன்று என் மேசை லாச்சிக்குள் பதினொரு மாதம் கிடந்தது. லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். புதிய இடத்தில் "ஏன் விட்டீர்கள்" என்று கேட்டால் என் குரல் இறங்கிவிடும். கடைசியில் ஒரு நாள் திறப்பையும் ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் வாங்கிப் பிரதியில் கையொப்பமிட்டுத் தந்தார். பத்து நிமிடமும் ஆகவில்லை. அதற்குப் பிறகு போன நேர்முகத்தில் அதே கேள்வி வந்தது. தலை குனியாமல் பதில் சொன்னேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை.

1. நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள். முன்னறிவித்தல் எத்தனை நாள், பிணை ஒப்பந்தம் ஏதும் உண்டா, பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டும் நிபந்தனை உண்டா என்று பாருங்கள். ஒரு மாத முன்னறிவித்தல் என்று இருந்து, அதைக் கொடுக்காமல் விட்டிருந்தால், அந்த மாதச் சம்பளத்தை அவர்கள் கேட்கக்கூடும். கேட்பார்களோ என்று பயந்து ஒளிப்பதைவிட, எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு முடிப்பது நல்லது. தவணையில் கட்ட ஒத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு.

2. அவர்களுடைய பொருட்களை எல்லாம் ஒரு மேசையில் எடுத்து வையுங்கள். அடையாள அட்டை, திறப்பு, சீருடை, சிம் அட்டை, மடிக்கணினி, பற்றுச்சீட்டுப் புத்தகம். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். மாதிரி இதோ:

"ஐயா, பதவி விலகலை முறைப்படுத்துதல். நான் தங்கள் நிறுவனத்தில் 2019.03.04 முதல் 2021.08.20 வரை விற்பனை உதவியாளராகக் கடமையாற்றினேன். அதன் பின்னர் கடமைக்குச் சமுகமளிக்கவில்லை. முன்னறிவித்தல் தராமல் நின்றமைக்கு வருந்துகிறேன். 2021.08.20ஐ என் கடைசி வேலைநாளாகக் கொண்டு பதவி விலகலை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னிடமிருந்த அடையாள அட்டையையும் களஞ்சியத் திறப்பையும் இத்துடன் கையளிக்கிறேன். நான் செலுத்த வேண்டிய தொகை ஏதும் இருப்பின் எழுத்தில் அறியத்தரவும். என் சேவைக் காலத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றையும் தந்துதவுமாறு வேண்டுகிறேன்."

இதில் முறைப்பாடு இல்லை, கதை இல்லை. நீங்கள் பட்ட மனக்கஷ்டத்தை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். இதன் வேலை கணக்கை மூடுவது மட்டும்தான்.

4. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். நேரில் போக மனம் இடம் கொடுக்காவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் பதில் போடாவிட்டாலும் நீங்கள் முடித்தீர்கள் என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி.

5. சேவைச் சான்றிதழ் தர மறுத்தால் சோர்ந்துபோக வேண்டாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கூற்று, சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் பக்கங்கள் ஆகியவை சேர்ந்து உங்கள் சேவைக் காலத்தைக் காட்டும்.

பிழை அவர்கள் பக்கம் என்றால்

சில விலகல்கள் முடியாமல் கிடப்பதற்குக் காரணம் முதலாளியாக இருக்கும். சம்பளம் தராமல் இழுத்தடித்திருப்பார். "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொல்லியிருப்பார். சேமலாப நிதியைச் சம்பளத்தில் வெட்டிவிட்டுக் கட்டாமல் விட்டிருப்பார். இப்படிப்பட்டவற்றைச் சகித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

நினைவில் வைத்திருக்க வேண்டிய சட்டங்கள் மூன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம்: கட்டாமல் விட்ட பங்கை முதலாளியிடமிருந்து அறவிட இது வழி செய்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம்: 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் பூர்த்தி செய்திருந்தால், நீங்களாகவே விலகினாலும், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம்: 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்துவதென்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால், காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும். இந்தச் சட்டம் முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்தவர்களுக்குப் பொருந்தும்.

நீக்கப்பட்டதைப் பற்றி முறையிடுவதென்றால் தாமதிக்க வேண்டாம். ஆறு மாதம் கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். முறைப்பாடு செய்திருக்கிறீர்கள் என்பது வெட்கப்பட வேண்டிய விசயமல்ல. நேர்முகத்தில் கேட்டால் "சம்பள நிலுவை சம்பந்தமாகத் தொழில் திணைக்களத்தில் ஒரு முறைப்பாடு நடக்கிறது" என்ற ஒரு வசனத்தோடு நிறுத்துங்கள்.

அரச வேலையை விட்டவர்கள்

அரச உத்தியோகத்தர் லீவு எடுக்காமல் கடமைக்கு வராமல் நின்றால், பதவியை விட்டு நீங்கியதாகக் கருதி அறிவித்தல் அனுப்புவார்கள். அந்த அறிவித்தல் கிடைத்த கிழமையே பதில் எழுத வேண்டும். மேன்முறையீட்டுக்குக் கால எல்லை உண்டு. வேலையைக் கைவிடாமல் வெளிநாடு போகவோ வேறு தொழில் பார்க்கவோ விரும்புகிறவர்களுக்கு 2022 யூனில் வந்த 14/2022 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் 5 ஆண்டுகள் வரை சம்பளமற்ற லீவுக்கு வழி செய்தது. அப்படி லீவில் இருப்பவர் "வேலையை விட்டுவிட்டேன்" என்று தனியார் நிறுவனத்திடம் சொல்லக் கூடாது. லீவில் இருப்பதாகவே சொல்லி, அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டும்.

சுயவிபரக் கோவையில் எழுதும் முறை

வேலைகளை மாதமும் ஆண்டும் போட்டு எழுதுங்கள். ஆண்டை மட்டும் போட்டு இடைவெளியை மறைப்பது பழைய உத்தி. பார்ப்பவருக்கு அது உடனே விளங்கும். மூன்று மாதத்துக்குக் குறைந்த இடைவெளிக்கு ஒன்றும் எழுதத் தேவையில்லை. அதற்கு மேலென்றால் ஒரு வரி. கடையில் கண்ட தம்பிக்கு அந்த வரி இப்படி அமையும்:

"2021 செப்டெம்பர் – 2023 ஜூலை: குடும்பத் தோட்டச் செய்கை (வெங்காயம், மிளகாய்), உற்பத்தியைச் சந்தையில் விற்றல், கணக்கு வைத்தல்."

இது பொய்யா? இல்லை. அவர் உண்மையிலேயே தகப்பனோடு தோட்டத்தில் நின்றவர். செம்பாட்டு மண்ணில் தண்ணீர் கட்டி, விடிய நாலு மணிக்குச் சந்தைக்கு மூட்டை ஏற்றி, விலை பேசிக் காசு எண்ணியவர். விற்பனை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான அனுபவம் வேறென்ன? எங்கள் பிள்ளைகள் சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பை உழைப்பாகவே கணக்கெடுப்பதில்லை. ரியூசன் கொடுத்தது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிந்தது, மாமாவின் கடையில் நின்றது, கோயில் திருவிழாவுக்கு வரவு செலவு எழுதியது எல்லாம் செய்த வேலைதான். செய்ததை எழுதுங்கள். செய்யாததை எழுத வேண்டாம்.

உறவினரல்லாத இருவரின் பெயரைக் கேட்கும் இடத்தில், ஒருவராவது பழைய வேலையிடத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. முகாமையாளரோடு கசப்பு இருந்தால், கூட வேலை செய்த மூத்தவர் ஒருவரைப் போடலாம். அவரிடம் முதலில் கேளுங்கள். திடீரென்று அழைப்பு வந்தால் தடுமாறுவார்.

நேர்முகத்தில் சொல்லும் முறை

பதிலில் மூன்று விசயங்கள் வரிசையாக வர வேண்டும்: என்ன நடந்தது, அது முடிந்துவிட்டதா, இப்போது ஏன் இங்கே. அந்தத் தம்பி சொல்லக்கூடிய பதில் இது:

"சேர், 2021 ஓகஸ்ட் முடக்கத்தோடை வேலைக்குப் போறது நிண்டது. திறந்த பிறகு நான் திரும்பிப் போகேல்லை. அந்த நேரம் கடிதம் குடுக்காதது என்ரை பிழை. போன மாதம் நேரிலை போய்க் கடிதம் குடுத்து, திறப்பையும் ஒப்படைச்சிட்டன். இடையிலை அப்பாவோடை தோட்டம் செய்தனான். வெளிநாடு போகவும் ஒருக்கா முயற்சி செய்தது, சரிவரேல்லை. இனி இங்கைதான் எண்டு முடிவெடுத்து வந்திருக்கிறன்."

ஒரு நிமிடமும் ஆகாது. சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். அமைதி வந்தால் அதை நிரப்பப் பேசிக்கொண்டே போக வேண்டாம். கேட்பவர் யோசிக்கட்டும்.

மற்றச் சூழல்களுக்குச் சில வழிகாட்டல்கள்:

நோய், பராமரிப்பு: "வீட்டில் ஒருவருக்குக் கடும் சுகயீனம், நான்தான் பார்த்தேன். இப்போது வேறு ஒழுங்கு செய்திருக்கிறோம்" என்றால் போதும். உங்கள் சொந்த நோயென்றால், இந்த வேலையைச் செய்ய இப்போது தடையில்லை என்பதைச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். டயக்னோசிஸ் கார்ட்டைச் சுயவிபரக் கோவையோடு இணைக்க வேண்டாம்.

திருமணம், பிள்ளைப்பேறு: மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். "மூன்று வருடம் பிள்ளையோடு இருந்தேன். இப்போது பிள்ளை முன்பள்ளிக்குப் போகிறது. காலை எட்டரைக்கு வந்துவிடுவேன்." கர்ப்பத்தைக் காரணம் காட்டி உங்களை முன்பு நிறுத்தியிருந்தால், அது சட்டம் தடுத்த செயல். அங்கே குற்றம் உங்களுடையதல்ல.

அரச நியமனத்துக்குக் காத்திருந்த பட்டதாரிகள்: இராமநாதன் நுண்கலைக் கழகமென்று ஊர் இன்றும் அழைக்கும் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சங்கீதமும் நடனமும் படித்து வெளியேறி, நியமனத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பலர். அவர்களிடம் தனியார் நிறுவனம் கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு நியமனம் வந்தால் போயிடுவீரோ?" போவதென்று தீர்மானித்திருந்தால் இல்லையென்று சொல்ல வேண்டாம். "வந்தால் யோசிப்பேன். ஆனால் முன்னறிவித்தல் தந்து, என் இடத்துக்கு வருபவருக்குப் பழக்கிவிட்டுத்தான் போவேன்" என்று சொல்லலாம். அப்படியே நடக்கவும் வேண்டும்.

சண்டையில் முடிந்த வேலை: பழைய முதலாளியைத் திட்ட வேண்டாம். நீங்கள் சொல்வது முழுவதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கேட்பவர் உங்கள் வாயில் நாளைக்குத் தன் பெயரும் வரும் என்றே நினைப்பார். "வேலை நேரம் பற்றி உடன்பாடு வரவில்லை, விலகினேன்" என்று நடந்ததைச் சுருக்கிச் சொல்லுங்கள்.

ஒழுக்காற்று நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்கள்: விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வி நேராக இருந்தால் நேராகப் பதில் எழுதுங்கள். அரச விண்ணப்பங்களில் பொய்த் தகவல் பின்னர் தெரியவந்தாலும் நியமனம் போய்விடும். நடந்ததை ஒத்துக்கொண்டு, அதன்பின் மாற்றிக்கொண்டதை ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள். பத்து இடங்களில் ஒன்பது மறுக்கலாம். பத்தாவது இடத்தில் கிடைக்கும் வேலையில் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

வெளிநாட்டு முயற்சி: முகவர், கொடுத்த காசு, போன பாதை எதையும் விபரிக்கத் தேவையில்லை. "முயன்றேன், சரிவரவில்லை" என்பது முழுப் பதில். இனி இங்கே இருப்பீர்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதில் உறுதியில்லாவிட்டால், அந்த முடிவை நேர்முகத்துக்கு முன் வீட்டில் எடுத்துவிட்டுப் போங்கள்.

பயிற்சி

இன்றிரவு ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம், படிப்பு முடிந்த மாதத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு மாதமும். வலப்பக்கம், அந்த மாதம் நீங்கள் செய்தது. வெறுமையான வரிகள் வரும். அவற்றுக்கெதிரே, யாருக்கும் காட்டப்போவதில்லை என்ற எண்ணத்தோடு, உண்மையை எழுதுங்கள். எந்தப் பழைய இடத்தில் கடிதம், பொருள், காசு ஏதும் முடியாமல் கிடக்கிறதென்று அடியில் குறியுங்கள். இந்தக் கிழமைக்குள் அதில் ஒன்றை முடியுங்கள். பிறகு கண்ணாடிக்கு முன்னாலோ, உங்களைத் தெரிந்த ஒருவருக்கு முன்னாலோ, விளக்கத்தை மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தரம் தொண்டை அடைக்கும். மூன்றாம் தரம் அது வெறும் தகவலாகிவிடும்.

அன்றைக்குக் கடையில் அந்தப் பிள்ளை கடைசியில் கேட்டார்: "அப்ப அந்த ரெண்டு வருசம் என்ன செய்தனீங்கள் தம்பி? அதைச் சொல்லுங்கோ, அதையே போடுவம்." தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தோட்டம்" என்றார். அந்தச் சொல்லிலிருந்துதான் அவருடைய புதிய சுயவிபரக் கோவை தொடங்கியது.